பற்றாக்குறை யார் தலையில்?

ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகையில் மழை குறைந்தால் என்ன ஆகும் என்று அந்நாட்டின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 2008-ல் ஒரு கணக்குப் போட்டது. 2030 வாக்கில் நிலவக்கூடிய காலநிலைக்கு அது தந்த நடுத்தர மதிப்பீடு இதுதான்: படுகையில் கிடைக்கும் நீர் 11 சதவீதம் குறையும், உரிமம் பெற்றவர்கள் எடுக்கும் நீர் 4 சதவீதம் மட்டும் குறையும், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஓட்டம் 24 சதவீதம் குறையும். வானம் வைத்த குறை ஒன்றுதான். அது வயலுக்குப் போகும்போது சுருங்கி, ஆற்றுக்குப் போகும்போது பெருகிவிடுகிறது. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை, திருட்டும் நடக்கவில்லை. அன்றிருந்த பங்கீட்டு விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலே விடை இப்படித்தான் வரும். ஆற்று நீரை நியாயமாகப் பகிர்வது பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் யாருக்கு எத்தனை என்பதிலேயே நின்றுவிடுகிறது. நல்ல ஆண்டில் அந்த எண்ணிக்கை எல்லோருக்கும் ஒத்துவரும். குறை வரும் ஆண்டில் அதை யார், எந்த விகிதத்தில் தாங்குவது என்று விதி சொல்கிறதோ, அங்கேதான் பங்கீட்டின் நியாயம் தெரியவரும்.

மர்ரே–டார்லிங் படுகையின் பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய நான்கு மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் அதில் பங்காளிகள். ஆறுகளுக்கு வரும் நீரோ ஆண்டுக்கு ஆண்டு தலைகீழாக மாறும். 1956-ல் வரத்து ஏறத்தாழ 1,18,000 ஜிகாலிட்டர், அதாவது 4,000 டி.எம்.சி.க்கு மேல். 2006-ல் 7,000 ஜிகாலிட்டர்கூட இல்லை. நம் கணக்கில் 240 டி.எம்.சி. அளவு. இப்படிப்பட்ட ஆற்றில் சராசரி வரத்து என்பது தாளில் மட்டுமே இருக்கும் எண். அதை நம்பி வாழ முடியாது என்பதால்தான் அணைகள் வந்தன. 1914-ல் குயின்ஸ்லாந்து நீங்கலான மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் செய்துகொண்ட மர்ரே ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1936-ல் ஹியூம் அணையும், பின்னர் 1979-ல் டார்ட்மவுத் அணையும் எழுந்தன. அணை எழ எழ மாநிலங்கள் தாராளமாக உரிமங்களை வழங்கின. 1994 வரையிலான 50 ஆண்டுகளில் ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீர் மூன்று மடங்காயிற்று. 1981-ல் மர்ரேயின் முகத்துவாரம் மணலால் அடைபட்டது. 1991-ன் இறுதியில் டார்லிங் ஆற்றில் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அதற்குப் பிறகுதான் 1995-ல், 1993–94-ல் இருந்த வளர்ச்சி நிலைக்கு மேல் நீர் எடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு பிறந்தது.

உச்சவரம்பு ஆற்றுக்குத் திருப்பித் தந்தது எதுவும் இல்லை; மேலும் பறிபோகாமல் காத்தது, அவ்வளவே. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. வழங்கப்பட்ட உரிமங்களில் பல, வாங்கியவர்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தவை. நீர் உரிமையை விற்கலாம், வாங்கலாம் என்று சந்தை திறந்ததும் அந்தத் தூங்கும் உரிமங்கள் விழித்துக்கொண்டன. அதுவரை யாரும் எடுக்காததால் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்த நீருக்கு விலையும் உரிமையாளரும் வந்துவிட்டார்கள். எடுக்க ஆள் இல்லாததால் மட்டுமே ஆற்றில் தங்கியிருக்கும் நீரைச் சட்டம் காப்பதில்லை என்பது இதில் வெளிப்பட்டது.

ஆற்றுக்கென்று தனி உரிமை இல்லாத இடத்தில் நடப்பதை எளிய எண்களில் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, வரத்து 100 அலகு. அதில் பயனாளர்கள் 60 எடுக்கிறார்கள், ஆற்றில் 40 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரத்து 89 ஆகிறது. பயனாளர்கள் தங்கள் பங்கில் 4 சதவீதத்தை மட்டும் விட்டுக்கொடுத்து 57.6 எடுக்கிறார்கள். ஆற்றில் நிற்பது 31.4. இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். முதலில் ஒருவர் எடுத்துக்கொண்டு மீதியை மற்றவருக்கு விட்டால், ஏற்ற இறக்கத்தின் முழுச் சுமையும் மீதியைப் பெறுபவர் மேல் விழும். வறட்சி கூடக் கூட இந்தச் சுமை இன்னும் வேகமாக ஏறும். பயன்பாடு தொடங்கும் முன் மர்ரேயின் முகத்துவாரம் நீரோட்டம் நின்று கிடந்தது நூற்றில் ஒரு பங்கு காலம்தான் என்றும், அணைகளும் பாசனமும் வந்தபின் அது நூற்றில் 40 பங்காகிவிட்டது என்றும் அதே 2008 ஆய்வு கணித்தது. கடலைச் சேரும் சராசரி நீர் 61 சதவீதம் குறைந்துவிட்டது. சராசரி 61 சதவீதம் குறைய, வறண்ட காலம் 40 மடங்கு பெருகியது. மீதியை நம்பி வாழ்பவரின் நிலை அது.

இதற்குத் தீர்வு எங்கோ தேட வேண்டியதில்லை. பாசனக்காரர்கள் தங்களுக்குள் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ளும் முறையிலேயே அது இருந்தது. மர்ரே–டார்லிங்கில் ஒரு நீர் உரிமம் என்பது இவ்வளவு லிட்டர் கட்டாயம் தருவோம் என்ற வாக்குறுதி அன்று. அணையில் உள்ள நீரில் ஒரு பங்குக்கான உரிமை அது. பருவம் தொடங்கும்போது இருப்பைக் கணக்கிட்டு, அந்த உரிமத்தில் இத்தனை சதவீதம் இந்த ஆண்டு கிடைக்கும் என்று அரசு அறிவிக்கும். மழை பெய்தால் சதவீதம் உயரும். திராட்சை, பாதாம் போன்ற நிலைப்பயிர்க்காரர்கள் அதிக விலை கொடுத்து முன்னுரிமை உரிமம் வைத்திருப்பார்கள். நெல், பருத்திக்காரர்களிடம் பெரும்பாலும் பொது உரிமம். அதற்கு வறட்சியின் உச்சத்தில் பூஜ்ஜிய சதவீதம்கூட அறிவிக்கப்பட்டதுண்டு. அந்த ஆண்டு கிடைக்கும் நீரை மட்டும் தனியே விற்கலாம். சில இடங்களில் அடுத்த ஆண்டுக்கு அணையிலேயே மீதம் வைக்கலாம். நிச்சயமின்மையைச் சமாளிக்க இவ்வளவு நுட்பமான கருவிகள் இருந்தும், அவை எதுவும் ஆற்றின் கையில் இல்லை. ஆகவே ஆற்றுக்கும் அதே உரிமத்தைக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

1990-களின் பிற்பாதியில் தொடங்கி 2009 வரை நீண்ட மில்லேனியம் வறட்சியின் நடுவே, 2007-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் மத்திய சுற்றுச்சூழல் நீர்ப் பொறுப்பாளர் என்ற பதவி உருவாயிற்று. அரசு, விற்க முன்வந்த விவசாயிகளிடம் சந்தை விலைக்கு உரிமங்களை வாங்கி இந்த அலுவலகத்தின் பெயரில் பதிவு செய்தது. பறிமுதல் இல்லை, விற்றவர் பணம் பெற்றார், அந்த நீர் ஆற்றுக்கு மாறியது. 2012-ல் வந்த படுகைத் திட்டம், படுகை முழுவதும் எடுக்கப்படும் மேற்பரப்பு நீரை ஆண்டுச் சராசரி 10,873 ஜிகாலிட்டராகக் குறைக்க வேண்டும் என்றது. முன்பிருந்த அளவிலிருந்து 2,750 ஜிகாலிட்டர், அதாவது 97 டி.எம்.சி. வெட்டு. இன்று இந்த அலுவலகத்தின் கையில் உள்ள உரிமங்கள் நீண்டகாலச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஜிகாலிட்டர் தரக்கூடியவை. பக்கத்துப் பண்ணையின் உரிமத்துக்கு என்ன சதவீதம் அறிவிக்கப்படுகிறதோ, அதே வகையைச் சேர்ந்த ஆற்றின் உரிமத்துக்கும் அதே சதவீதம்தான். ஆற்றுக்குச் சலுகை ஏதும் தரப்படவில்லை; வறட்சியில் அதற்கும் குறையும். ஆனால் எல்லோருக்கும் குறையும் விகிதத்தில்தான் குறையும்.

பூஜ்ஜியம் அறிவிக்கப்படும் ஆண்டில் ஆற்றுக்கு இந்த உரிமத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு விடை உயிரியலில் இருக்கிறது. இந்தப் படுகையின் உயிர்கள் வறட்சிக்குப் பழகியவை. ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ், நம் ஊரில் தைலமரமாக நடப்படும் இனங்களில் ஒன்று, ஆற்றோரச் சமவெளியில் நூற்றாண்டுகள் வாழும். வெள்ளம் சில ஆண்டுகள் வராவிட்டாலும் தாங்கும், தொடர்ந்து வராமலே போனால் சாகும். அணைகளால் பெருவெள்ளத்தைத் தடுக்க முடியவில்லை. அவை விழுங்கியது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து சமவெளியை நனைத்துப்போன சிறிய, நடுத்தர வெள்ளங்களை. பருவமும் தலைகீழாயிற்று. இயல்பாகக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெருகி, கோடையில் இளைக்க வேண்டிய மர்ரே, இப்போது பாசனத்துக்காகக் கோடையில் கரைதொட்டு ஓடி, குளிர்காலத்தில் அணைக்குள் அடைபடுகிறது. தன் பெயரில் உரிமம் உள்ளவருக்கே நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. மழை பெய்து ஆறு தானே உயரும் வேளையில், சேமித்த நீரை அதன்மேல் சேர்த்துவிட்டால் பார்மா–மில்லேவா காட்டின் தாழ்நிலம் நனைந்துவிடும். அந்த ஈரத்தில் நீர்ப்பறவைகள் குஞ்சு பொரிக்கும், மீன்கள் முட்டையிடும். அதே அளவு நீரைத் தவறான மாதத்தில் விட்டால் ஆற்றின் நடுவே ஓடிப் போய்விடும், பயன் சொற்பம்.

எதிர்வாதங்களில் பழையதும் பலமானதும், கடலில் கலக்கும் நீர் வீண் என்பது. நமக்கும் பழகிய வாசகம். மர்ரே–டார்லிங்கில் இதைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஒரு வாய்ப்பைத் தந்தது. அந்தப் படுகையின் அடிமண்ணில் பழைய உப்பு ஏராளம். பாசனநீர் அதைக் கரைத்து ஆற்றுக்குக் கொண்டுவருகிறது. அந்த உப்பு இயல்பாக வெளியேற முகத்துவாரமே வழி. ஆண்டுக்குச் சராசரி 20 லட்சம் டன் உப்பைக் கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று படுகைத் திட்டமே இலக்கு வைத்திருக்கிறது. அனுப்பாவிட்டால் அது தங்கும் இடம் கீழ்மடை விவசாயியின் வயல். வறட்சியில் கடலுக்கு நீர் போகாத ஆண்டுகளில் முகத்துவாரம் மூடிப்போகாமலிருக்க, 2002 முதல் 2010 வரை இயந்திரம் வைத்து மணல் அள்ள வேண்டியிருந்தது. 2009-ல் முகத்துவாரத்தை ஒட்டிய அலெக்சாண்ட்ரினா ஏரி கடல்மட்டத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. நீருக்கடியில் இருந்தவரை தீங்கற்றிருந்த கந்தகச் சேறு காற்றுப்பட்டதும் கந்தக அமிலத்தை உருவாக்கியது. சுண்ணாம்பு இட்டு அமிலத்தை முறிக்க வேண்டிய நிலை. கடலுக்குப் போகாத நீர் மிச்சமாகிவிடுவதில்லை. அது செய்ய வேண்டிய வேலையைப் பணம் கொடுத்து இயந்திரத்தாலும் சுண்ணாம்பாலும் செய்ய நேர்கிறது, அதுவும் அரைகுறையாக.

அடுத்த எதிர்வாதம் விவசாயிகளுடையது. அதை எளிதில் ஒதுக்க முடியாது. 2010-ல் படுகைத் திட்டத்தின் முன்வரைவு வந்தபோது கிரிஃபித் நகரில் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். நீர் போனால் ஊர் போகும் என்பது அவர்கள் வாதம். மில்லேனியம் வறட்சியில் நெல் விளைச்சல் என்ன ஆனது என்று பார்த்தால் அச்சம் நியாயமே: 2000–01-ல் 10 லட்சம் டன்னைத் தாண்டிய அறுவடை, 2007–08-ல் 20 ஆயிரம் டன்னுக்கும் கீழே போயிற்று. டெனிலிக்வினில் இருந்த பெரிய அரிசி ஆலை மூடப்பட்டு, மழை திரும்பிய பிறகே திறந்தது. ஆனால் அதே வறட்சியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். படுகையின் பாசனநீர் பயன்பாடு பாதிக்கும் மேல் சரிந்த காலத்தில், பாசன விளைபொருள்களின் மொத்த மதிப்பு அதைவிட மிகக் குறைவாகவே சரிந்தது. நெல்லுக்கு நீர் விடாமல் அந்த ஆண்டின் நீரைப் பழத்தோட்டக்காரருக்கு விற்றவர் கையில் பணம் இருந்தது, தோட்டமும் பட்டுப்போகவில்லை. ஆக, உரிமத்தை விற்ற விவசாயிக்கு இழப்பீடு கிடைத்துவிடுகிறது. கிடைக்காதவர்கள் ஆலைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், உரக்கடைக்காரர். நீர்ச் சந்தை இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே அரசு செலவிட வேண்டிய பணம் இந்த ஊர்களின் மாற்றத்துக்கும் போக வேண்டும். அதற்காக ஆற்றின் பங்கைக் குறைக்க வேண்டும் என்பது பொருந்தாது. பங்கைக் குறைத்தாலும் அடுத்த வறட்சி அதே ஊருக்குத்தான் வரும்.

உரிமம் வாங்காமலே நீரைத் திரட்டலாம் என்ற நடுவழியும் சொல்லப்பட்டது: வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசி, சொட்டுநீர் போட்டு, மிச்சமாகும் நீரை ஆற்றுக்குக் கொடுக்கலாம். அரசியலுக்கு இது இனித்தது. 2015-ல் உரிமங்களை விலைக்கு வாங்குவதற்கு 1,500 ஜிகாலிட்டர் என்று உச்சவரம்பே போட்டார்கள். 2023-ல்தான் அது நீக்கப்பட்டது. ஆனால் நீரியல் இதில் ஓர் இடறலைக் காட்டுகிறது. ஓட்டை வாய்க்காலிலிருந்து கசியும் நீர் எல்லாம் மறைந்துபோவதில்லை. ஒரு பகுதி நிலத்தடிக்குப் போய், மெதுவாக ஆற்றுக்கே திரும்புகிறது. அந்தக் கசிவை அடைத்து மிச்சம் என்று கணக்கெழுதினால், ஏற்கெனவே ஆற்றுக்கு வந்துகொண்டிருந்த நீரையே ஆற்றுக்குக் கொடுத்ததாகிவிடும். நவீனப் பாசனத்தால் வயலில் மிச்சமாகும் நீர் படுகைக்கு மிச்சமாக வேண்டியதில்லை என்று ஆஸ்திரேலியப் பொருளியலாளர் குவென்டின் கிராஃப்டனும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2018-ல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை எச்சரித்தது. விலைக்கு வாங்கிய உரிமத்தில் இந்தக் குழப்பம் குறைவு.

உரிமம் தாளில் இருந்து ஆற்றில் நீராக மாறுவதற்கு அளவீடு வேண்டும். 2017 ஜூலையில் ஏபிசி தொலைக்காட்சியின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சி, படுகையின் வடபகுதியிலுள்ள பார்வன்–டார்லிங்கில் அளவு மீறி நீர் இறைக்கப்படுவதாகக் குற்றம் சாட்டியது. தொடர்ந்து வந்த விசாரணைகள், அங்கே பல இடங்களில் மீட்டர் இல்லை, கண்காணிப்பும் போதவில்லை என்று காட்டின. இதைவிட நுட்பமான குறை ஒன்றும் இருந்தது. ஆற்றுக்காக மேலே விடப்பட்ட நீர் கீழே வரும்போது ஆறு உயரும். ஆறு உயர்ந்தால் இறைக்கலாம் என்பது கீழே உள்ள உரிமங்களின் நிபந்தனை. ஆக, பொதுப்பணத்தில் வாங்கிய நீரைச் சட்டப்படியே இறைத்துவிட முடிந்தது. 2020-ன் இறுதியிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் அந்த நீரை அடையாளம் கண்டு, இறைக்காமல் கடந்துபோக விடும் விதிகளைக் கொண்டுவந்தது. 2021-ல் படுகை முழுவதற்கும் ஒரு கண்காணிப்புத் தலைமை அதிகாரி நியமிக்கப்பட்டார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை கூடவே போகும் ஆள் இல்லாமல் முறைப்பாசனம் நடக்காது என்பது நம் விவசாயிக்குத் தெரிந்ததே. ஆற்றின் பங்குக்கும் அந்தக் காவல் வேண்டும்.

கொள்கை அளவில் இன்னொரு மறுப்பும் உண்டு: ஆறு தன் நீரையே விலை கொடுத்து வாங்குவதா? பல வாடிக்கையாளர்களுள் ஒருவராக ஆற்றைச் சுருக்குவதா? படுகையின் பூர்வகுடி மக்கள் இதைக் கூர்மையாகவே கேட்கிறார்கள். 2007-ல் மர்ரே, கீழ் டார்லிங் ஆறுகளின் பூர்வகுடிகள் வெளியிட்ட எச்சூக்கா பிரகடனம், தங்கள் பண்பாட்டுக்கான நீர் தங்கள் உரிமையிலேயே இருக்க வேண்டும் என்றது. இன்று அவர்கள் கையில் இருப்பது படுகையின் நீர் உரிமங்களில் சுமார் 0.2 சதவீதம். மறுப்பில் உண்மை இருக்கிறது. குடிக்கவும் ஆறு உயிரோடிருக்கவும் வேண்டிய அடிப்படை ஓட்டம் எந்த உரிமத்துக்கும் முன்னால், விதியாகவே ஒதுக்கப்பட வேண்டும். சந்தை வேண்டியிருப்பது அதற்கு மேலே, முந்தைய அரசுகள் அளவுக்கு மீறி வழங்கிய உரிமங்களைத் திரும்பப் பெறுவதற்காக. விலை கொடுப்பது ஆறு அன்று. தாராளமாக உரிமம் வழங்கிய பொதுச் சமூகம்.

இவ்வளவு செய்த பிறகும் படுகைத் திட்டத்தின் மையத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. தனி உரிமங்கள் வரத்துக்கேற்ப ஏறி இறங்குகின்றன. ஆனால் படுகைக்கு 2012-ல் வகுத்த மொத்த வரம்பான 10,873 ஜிகாலிட்டர், பழைய நூற்றாண்டின் மழைப் பதிவுகளின் மேல் கட்டப்பட்ட எண். வருங்கால வெப்பமாதலுக்காக அதில் எதுவும் கழிக்கப்படவில்லை. தெற்கு ஆஸ்திரேலியா அமைத்து, பிரெட் வாக்கர் தலைமையேற்ற அரச ஆணையம் 2019 அறிக்கையில் இதைக் கடுமையாகச் சாடியது. அதே கோடையில் மெனிண்டி ஏரிகளை ஒட்டி டார்லிங்கில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. தேங்கிய நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. திடீரென்று குளிர்ந்தபோது அடுக்குகள் கலந்து, அடிநீரின் ஆக்சிஜன் பஞ்சம் மேலேயும் பரவிற்று. அது உடனடிக் காரணம். மேல்படுகையில் நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால் வறட்சியைத் தாங்க ஆற்றில் போதிய நீர் இல்லை என்பதே அடிப்படைக் காரணம் என்றது ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு.

இந்த அளவுகோலைக் காவிரிக்கு வைத்துப் பார்ப்பது பொருத்தமே. 2007 நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 என்று எழுதியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இவை மாறவில்லை. பற்றாக்குறை ஆண்டில் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றின் பங்குகள் விகிதாசாரப்படி குறையும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. குறையைப் பகிரும் கொள்கை அங்கே தெளிவாக இருக்கிறது. அந்த வாக்கியத்தில் ஆற்றின் பெயர்தான் இல்லை. 10 டி.எம்.சி. போதுமா என்ற விவாதத்துக்கு முன்பே கேட்க வேண்டியது, அது யார் பெயரில் இருக்கிறது, எந்த மாதம் விடுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பது.

மர்ரே–டார்லிங் திட்டம் 2026-ல் மறு ஆய்வுக்கு வருகிறது. அங்கே மீண்டும் எத்தனை ஜிகாலிட்டர் என்ற எண் பெரிதாகப் பேசப்படும். அதைவிட முக்கியமாகத் தீர வேண்டியது, மொத்த வரம்பும் வரத்தோடு சேர்ந்து இறங்குமா என்பதுதான். இறங்குமானால், வரத்து 11 சதவீதம் குறையும் காலத்தில் வயலும் முகத்துவாரமும் ஏறத்தாழ அதே 11-ஐத் தாங்கும். விவசாயிக்கு அது இன்றையதைவிடக் கடினம், ஆனால் முன்கூட்டியே தெரிந்த கடினம். இறங்காவிட்டால் 4-க்கு 24 என்ற பழைய கணக்கே வேறு எண்களில் திரும்ப வரும். அந்த 24-ன் விலையையும் உப்பாக, அமிலமாக, குடிக்க முடியாத நீராகக் கொடுக்கப்போவது ஆற்றின் கடைசியில் உரிமம் வைத்திருக்கும் விவசாயியும் நகரவாசியும்தான். ஆற்றின் பங்கை நியாயமாக வகுப்பது அவர்களுக்கும் செய்யும் நியாயமே.